அடிக்குறிப்பு அண்ணாச்சியும் ஓர் அவசரமும்

இந்த உலகத்தில் அச்சடித்த காகிதம் எதையும் கீழிருந்து மேலாகப் படிக்கும் ஒரே மனிதர் எங்கள் அடிக்குறிப்பு அண்ணாச்சிதான். வேறு யாராவது இருந்தால் தெரிவியுங்கள். நேரில் வந்து பார்த்துவிட்டு என் வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தில் நான் முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். காய்ச்சலையும் கொசுவையும் சர்க்கரை வியாதியையும் ஆராயத்தான் எல்லோரும் அங்கே வந்திருந்தோம். ஆனால் பாதி நேரம் ஆராய்ந்தது உதவித்தொகை விதிகளை. ஃபெல்லோஷிப் எத்தனை வருஷம், நீட்டிப்புக்கு யார் கையெழுத்து, லீவு போட்டால் நின்றுவிடுமா, மாநாட்டுக்குப் போகப் பயணப்படி உண்டா? இத்தனைக்கும் பதில் ஃபெல்லோஷிப் செக்‌ஷனில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தது. அதுதான் அண்ணாச்சி. நாஞ்சில் நாட்டுக்காரர். சர்வீஸ் புத்தகத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

புது சர்க்குலர் வந்தால் நாமெல்லாம் தலைப்பைப் பார்ப்போம். அவர் காகிதத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு, நட்சத்திரக் குறி போட்ட பொடி எழுத்தில் தொடங்குவார்.

"மேல இருக்கது அவனுக தாறேன்னு சொல்லுகது. கீழ இருக்கதுதான் தரப்போறது. கேட்டியா?" என்பார்.

பழக்கம் ஆபீஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முதலில் அச்சகத்தின் பெயர்தான் அவர் கண்ணில் படும். "நல்ல பிரஸ்லதான் அடிச்சிருக்க" என்று பாராட்டுவார். மாப்பிள்ளை யாரென்று கேட்பது அப்புறம். ஒருமுறை ஜலதோஷத்துக்கு மாத்திரை வாங்கினார். அட்டையோடு வந்த துண்டுக் காகிதத்தின் கடைசி வரி, 'இதை உட்கொண்டபின் இயந்திரங்களை இயக்கக் கூடாது' என்றது. மூன்று நாள் அவர் ஜெராக்ஸ் மெஷினைத் தொடவில்லை. ஸ்டேப்ளரையும் தொடவில்லை. "அதும் மெஷின்தானே" என்றார். அந்த மூன்று நாளும் எங்கள் விண்ணப்பங்கள் குண்டூசி குத்தித்தான் டைரக்டர் அறைக்குப் போயின.

என் கதையையே சொல்கிறேன். டெல்லியில் ஒரு மாநாடு. பயணப்படி வேண்டுமானால் பயணத் தேதியன்று முப்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது. விமானமோ புதன்கிழமை. புதன்கிழமைதான் எனக்கு முப்பத்தைந்து நிறைகிறது. அம்மா என்னை ஒருநாள் தாமதமாகப் பெற்றிருக்கலாம் என்று நொந்துகொண்டு அவர் முன்னால் நின்றேன். அண்ணாச்சி விதிப் புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடிக்காத குறையாகப் படித்தார்.

"இந்தா பாரு திருநெல்வேலி." ஊரை வைத்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "பயணத் தேதின்னா என்ன? 'பணியிடத்தை விட்டுப் புறப்படும் தேதி'. அடிக்குறிப்பு மூணு. பிளேன் ஏறுகத பத்தி ஒரு பேச்சும் இல்ல. நீ செவ்வாக்கெழமையே பொறப்படு."

"செவ்வாக்கெழம பொறப்பட்டு எங்க போறது அண்ணாச்சி?"

"கேட்டுக்கு வெளிய போ. போதும்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெட்டியோடு கேட்டைத் தாண்டினேன். காவலாளி நோட்டில் நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கினார். எதிரே இருந்த சாயாக்கடையில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் காவலாளி எட்டிப் பார்த்து, "எந்தா சேச்சி, போயில்லே?" என்று கேட்டார். "போய்க்கிட்டேதான் இருக்கேன்" என்றேன். அன்றைக்கு ஒரு தோழியின் வீட்டில் தங்கி மறுநாள் விமானம் ஏறினேன். பயணப்படி முழுசாக வந்தது.

இப்படிப்பட்டவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. என்னிடம் எப்போதாவது வாய் திறந்ததோடு சரி, மற்றபடி யார் என்ன கேட்டாலும் வாயால் பதில் சொல்ல மாட்டார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தேதி போட்டுக் கொடுப்பார். "வாயால சொன்னா நான் ஒண்ணு சொல்லுவேன், நீ ஒண்ணு கேப்ப. எழுத்துல இருந்தா தப்பே வராது" என்பது அவர் கொள்கை. சீட்டு எந்த மொழியில் என்பது ஆளைப் பொறுத்தது. மலையாளிகளுக்கு மலையாளம். எனக்குத் தமிழ். இரண்டுங்கெட்டான்களுக்கு அவரே கண்டுபிடித்த ஒரு முறை இருந்தது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்து, தமிழ் எழுத்தே தெரியாத பிள்ளைகள் அந்த ஊரில் ஏராளம். அவர்களுக்குத் தமிழை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுப்பார். அதில் அவருக்கு மகா பெருமை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். செக்‌ஷனுக்கு வெளியே வராந்தாவில் ஒரு அறிவிப்புப் பலகை. அதன் தலையில் மலையாளத்தில் கொட்டை எழுத்தில் 'அவசரங்கள்' என்றிருக்கும். நான் சேர்ந்த புதிதில் மலையாளத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பலகையைப் படித்ததும் பதறிப்போய் உள்ளே ஓடி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். செக்‌ஷன் மொத்தமும் சிரித்தது. அதிகம் சிரித்தவர் அண்ணாச்சி.

"மலையாளத்துல அவசரம்னா வாய்ப்பு மக்ளே. எந்த ஃபெல்லோஷிப் வந்திருக்கு, எங்க கிராண்ட் கிடைக்கும்னு ஒட்டுக பலக அது. நமக்குத்தான் அவசரம்னா ஓட்டம்" என்றார். அதற்குப் பிறகு புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் என்னைக் கதாநாயகியாக வைத்து இந்தக் கதையைச் சொன்னார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ரேவதி வந்து சேர்ந்தது அப்போதுதான். மலைமேல் தேயிலைத் தோட்டமான போனக்காட்டுப் பெண். அப்பா இல்லை, அம்மா தேயிலை பறிப்பவர். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு வரும் தோள்வலியைப் பற்றித்தான் ரேவதியின் ஆராய்ச்சி. அம்மாவின் தோளைப் பார்த்து வளர்ந்தவள். மற்றவர்கள் புத்தகத்தில் தேடியதை அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தாள். ஹாஸ்டலில் என் பக்கத்து அறை. பேசுவது தமிழ், எழுதுவதும் படிப்பதும் மலையாளம்.

இரண்டாம் வருஷ முடிவில் அவளுடைய ஃபெல்லோஷிப்பை நீட்டிக்க வேண்டும். அது கிடைத்தால்தான் ஆராய்ச்சி. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து அம்மா சரிவில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். ரேவதி இரண்டு மாதம் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது கெடு முடிய நாலே நாள். அறிக்கை ஒரு பக்கம்கூடத் தயாரில்லை. 'லீவு எடுத்திருந்தாலும் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க முடியுமா?' என்று ஒரு தாளில் எழுதி அண்ணாச்சியின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

அண்ணாச்சி வழக்கம்போல அடியிலிருந்து படித்தார். லீவு எடுத்த நாட்கள் அளவுக்கு ஃபெல்லோஷிப் காலம் கூட்டித் தரப்படும் என்று ஒரு நட்சத்திரக் குறி சொன்னது. அப்படியானால் கெடுவும் இரண்டு மாதம் தள்ளிப்போகும். பெண் நிதானமாக அறிக்கை எழுதலாம். சந்தோஷமாக ஒரு சீட்டு எழுதி, தேதி போட்டு, அவள் பெயர் போட்ட தபால் பெட்டியில் போட்டார்.

மறுநாள் ரேவதி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சான்ஸ் இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டாரு சேச்சி" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நானும் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். அவளுடைய கைடிடம் போனதற்கு, "அண்ணாச்சி இல்லேன்னு எழுதியா பின்னெ டைரக்டருக்குப் போலும் ஒந்நும் செய்யான் பற்றில்லா" என்று, டைரக்டராலேயே முடியாதென்று கையை விரித்துவிட்டார். உண்மைதான். அண்ணாச்சியின் சீட்டை எதிர்த்துப் பேசும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. டைரக்டர் ஆபீஸில் விலகல் கடிதம் கொடுக்கப் போனாள். அதற்கும் ஒரு படிவம் உண்டு, அது தீர்ந்துபோயிருந்தது. அப்புறம் அனுப்புகிறேன் என்று ஊருக்குப் போய்விட்டாள்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"திருநெல்வேலி, அந்தப் போனக்காட்டுப் பிள்ள எங்க? நாளான்னிக்குக் கடைசி நாளு. இன்னும் பேப்பர் வரல்லியே?"

"அவ ஊருக்குப் போயி ரெண்டு மாசமாச்சே அண்ணாச்சி. நீங்கதான வாய்ப்பு இல்லன்னு எழுதிக் கொடுத்தீங்க?"

"நானா? எனக்கென்ன கிறுக்கா? அவசரம் இல்லன்னுல்லா எழுதுனேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்தோம். பலகையில் 'அவசரங்கள்' அப்படியே இருந்தது.

"எந்த எழுத்துல எழுதுனீங்க அண்ணாச்சி?"

"மலையாள எழுத்துல" என்றார். "தமிழ மலையாள எழுத்துல. அவளுக்கு வசதியா இருக்கட்டும்னு."

மூன்று வருஷமாக என்னை வைத்துச் சிரித்ததற்கு அன்று நான் வட்டியோடு சிரித்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. ஃபோனை எடுத்து அவள் எண்ணைப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று பதிவுக் குரல் சொன்னது. மலையாளத்தில் சொல்லி, இங்கிலீஷில் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். கடைசியில் ஏதாவது சலுகை சொல்வாளோ என்ற நப்பாசை. அந்த மலையில் சிக்னல் கிடைப்பது சொற்பம். ஸ்கேன் செய்த கையெழுத்து செல்லாது, மாணவரே மையால் ஒப்பமிட வேண்டும் என்று படிவத்தின் அடியில் இருந்தது. அதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லீவே எடுக்காத மனிதர் லீவு படிவத்தை எடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'என் கையெழுத்து' என்று எழுதினார். சீட்டில் எழுதியதைத்தான் அப்படிச் சொன்னார். அதிகாரியோ ஒப்பத்தைச் சொல்கிறார், இடம் மாறி எழுதிவிட்டார் என்று நினைத்து அனுமதித்தார்.

மறுநாள் காலை தம்பானூரில் பஸ் ஏறினோம். நானும் கூடப் போனேன், வீடு கண்டுபிடிக்க. அண்ணாச்சியின் மடியில் படிவம், பேனா இரண்டு, மைப்புட்டி ஒன்று. டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட அவர் படிக்கவில்லை. வித்துராவில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். அதைச் சுற்றியிருந்த காகிதத்தையும் படிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

போனக்காட்டில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டு வாசலில் ரேவதியின் அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஆபீஸ்லேருந்து வாறீங்களா? புள்ள ஏதாச்சும் தப்புப் பண்ணிருச்சா சார்?"

"அவ பண்ணல்லம்மா. நாந்தான்."

ரேவதி உள்ளேயிருந்து வந்தாள். எங்களைப் பார்த்து முகம் மலர்ந்து, உடனே வாடியது. வித்துராவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சொல்லியிருக்கிறார்களாம். திங்கட்கிழமை சேர வேண்டுமாம்.

"அந்தச் சீட்ட வச்சிருக்கியா மக்ளே?"

வைத்திருந்தாள். தோள்வலிக் குறிப்புகள் எழுதிய நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தாள். அண்ணாச்சி அதை வாங்கி வாசற்படியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார். 'அவசரம்' என்ற சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரம் போட்டார். சீட்டின் அடியில் இன்னொரு நட்சத்திரம் போட்டு, மலையாள எழுத்தில் எழுதி அவளிடம் நீட்டினார்.

அவள் படித்தாள்: "தமிழில் வாசிக்கவும்."

மேலே பார்த்தாள். கீழே பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள். "அவசரம் இல்ல..." என்று மெதுவாகத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு மாசம் நான் ஒறங்கல்ல சாரே."

"தெரியும் மக்ளே. நாளைக்குத்தான் கடைசி நாளு. இதுல ஒப்புப் போடு."

விஷயம் புரிய அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "நீங்களும் தமிழு, இவளும் தமிழு. அத வாயத் தொறந்து சொல்லித் தொலச்சிருக்கலாமே சார்!"

விதிப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் எந்த நிபந்தனையும் சேர்க்காமல் ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ரேவதி ஒப்பமிட்டாள். அவசரத்தில் மை சிந்தியது. அண்ணாச்சி இரண்டாவது பிரதியையும் கொண்டுவந்திருந்தார். அன்றே எங்களோடு பஸ் ஏறினாள். அறிக்கையை நானும் அவளும் ஹாஸ்டலில் உட்கார்ந்து முடித்தோம். கெடு நாளன்று கைட் கையெழுத்துப் போட்டார். நீட்டிப்பு வந்தது. உத்தரவை அண்ணாச்சி அடியிலிருந்து உச்சிவரை படித்து, "செரியா இருக்கு" என்று வாயாலும் சொன்னார், சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எல்லோருக்கும் இரண்டும்தான். செக்‌ஷனில் கூட்டம் நகரவே இல்லை என்று புகார் வந்தது.

ரேவதி இப்போது டாக்டர் ரேவதி. மலைகளில் ஏறி இறங்கித் தோள்வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். அண்ணாச்சி ஓய்வு பெற்று நாகர்கோவில் பக்கம் இருக்கிறார். இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்குகிறார் என்று கேள்வி. இந்தப் பக்கத்தையும் அவர் கடைசி வரியிலிருந்துதான் தொடங்குவார், சந்தேகமே இல்லை. அதனால் இத்தனை வருஷமாக நேரில் சொல்லாததை அவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் வைக்கிறேன். மற்றதை மெதுவாக மேலே போய்ப் படித்துக்கொள்ளட்டும், அவசரம் இல்லை, தமிழில்தான் சொல்கிறேன்.

உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அண்ணாச்சி.