மழையில் நனைந்த செங்கல் நிறம்

தெப்போக்,
சனிக்கிழமை, பிற்பகல்

மரியாதைக்குரிய லாரஸ் அக்காவுக்கு,

தங்கை வெனிங் பணிவுடன் எழுதுவது. நீயும் அத்தானும் குழந்தைகளும் யோக்யாகர்த்தாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றி ஒரே வரியில் எழுதி முடிக்க முடியாமல் போனதால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிப்பாய், இல்லையென்றால் புத்தி சொல்வாய். காகிதத்தை இடைமறிக்க உன்னால் முடியாது.

மூன்று மாதங்களுக்கு முன் அலுவலகப் பரிசோதனையில் எனக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு இருந்தது உனக்குத் தெரியும். "மூணு மாசம் டைம் தரேன். மறுபடியும் இதே நம்பர் வந்துச்சுன்னா மாத்திரைதான்" என்றார் அந்த டாக்டர். அப்பாவின் சட்டைப்பையில் ஒற்றை மாத்திரையாகத் தொடங்கியது பத்தே வருடத்தில் ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் பெட்டியாக வளர்ந்ததை நாம் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். எனக்கு முப்பத்தொரு வயது. அந்தப் பெட்டி என் வீட்டுக்கு வரக் கூடாது. இந்தக் கடிதத்தில் நான் எதைக் கேலி செய்தாலும், இதைக் கேலி செய்யவில்லை. அன்று நீ சொன்னதும் நினைவிருக்கிறது: "தனியா நடக்கறேன்னு கதை விடாத. புத்தகத்தைத் தூக்கிட்டுப் போயி வழியில வர்ற முதல் பெஞ்சுலயே உக்காந்துடுவ. நாலு பேரு இருக்கிற வகுப்பாப் பாத்து சேரு." நாலு பேர் கூடும் இடம் எனக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தே சொன்னாய்.

சேர்ந்தேன் அக்கா. முதலில் ஜகார்த்தாவில் என் அலுவலகத்துக்கு எதிரே உள்ள அங்காடியின் ஐந்தாம் மாடியில் ஒரு சைக்கிள் வகுப்பு, மாலை ஆறு மணிக்கு. எனக்கு வேலை முடிவது ஐந்தரைக்கு. என் மேலாளருக்கு ஐந்து இருபத்தைந்துக்கு "ஒரு சின்ன விஷயம்" நினைவுக்கு வரும். இரண்டு முறை கதவு சாத்தியிருந்தது. மூன்றாம் முறை மூச்சிரைக்க உள்ளே போனால், இருட்டறை, நீல விளக்கு, தரையோடு திருகி வைத்த சைக்கிள்கள் வரிசையாக. தொப்பியைத் திருப்பிப் போட்ட ரெனோ என்ற இளைஞன் மைக்கில் கேட்கிறான்: "அக்கா, எதை விட்டு ஓடிட்டு இருக்கீங்கன்னு மனசுக்குள்ள பாருங்க." நான் பார்த்தேன். ஆறே முக்கால் ரயில் தெரிந்தது. அது என்னை விட்டு ஓடிக்கொண்டிருந்தது. நகராத வண்டியில் உட்கார்ந்து வியர்வை சிந்த ஜகார்த்தாவில் யாருக்காவது பயிற்சி தேவையா? தினமும் வீட்டுக்குப் போவதே அப்படித்தானே.

அடுத்தது யோகா, காலை ஆறரைக்கு. அதற்காக விடியுமுன்னே ரயிலேறினேன். ஆசிரியை பஞ்சு போன்ற குரலில் "உங்க மூச்சைக் கவனிங்க" என்றார். அதுவரை ஒரு மணி நேரம் ரயிலில் நின்று, ஊரார் மூச்சையெல்லாம் நெற்றியில் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். அதில் என்னுடையது எது என்று பிரித்தறிவதற்குள் கடைசி ஓய்வு வந்துவிட்டது. படுத்தேன். கண் விழித்தபோது மணி ஒன்பது இருபது. "எழுப்ப மனசு வரல. ரொம்ப ஆழமாப் போயிட்டீங்க" என்று ஆசிரியை பூரித்துப்போனார். என் மேலாளர் பூரிக்கவில்லை.

அந்த வாரம் காய்கறி வண்டி அருகே ஹார்த்தியம்மா என்னைப் பிடித்தார். எங்கள் தெருப் பெண்கள் குழுவின் தலைவி அவர். "என்னடி வெனிங், சதை போட்டுட்ட போல? சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு நம்ம திடல்லயே வகுப்பு ஆரம்பிக்கிறோம். வந்துடு."

சனிக்கிழமைக் காலைதான் என் வாரத்திலேயே யாருக்கும் சொந்தமில்லாத நேரம். அப்போதுதான் நான் படிப்பேன். இருந்தாலும் அந்த மாத்திரைப் பெட்டியை நினைத்துக்கொண்டு, காலணி மாட்டி, தண்ணீர் போத்தலோடு போனேன். பதினான்கு பெண்கள், வறுத்த வாழைப்பழம் ஒரு தாம்பாளம், வகுப்பின் பெயர் அச்சடித்த பெரிய பதாகை. பயிற்சியாளரை மட்டும் காணவில்லை.

"சீருடை இல்லாம எப்படிடி ஆரம்பிக்கிறது? ஆளுக்கு ஒரு கலர்ல நின்னா போட்டோ நல்லாவா இருக்கும்?" என்றார் ஹார்த்தியம்மா. இன்று பயிற்சியைச் செய்துவிட்டுச் சீருடையைப் பிறகு பார்க்கலாமே என்றேன். மாப்பிள்ளை பார்க்காமலே கல்யாணத்தை நடத்திவிடலாம் என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல எல்லோரும் பார்த்தார்கள்.

நிறம் முடிவாக இரண்டு வாரம் ஆனது. "ஊதாவைப் பக்கத்துத் தெருக்காரிங்க எடுத்துட்டாளுங்க." "மெரூன் கொழந்தைங்க எடை பாக்குற குழுவோடது." "மஞ்சள், சிவப்பு, பச்சை போட்டா கட்சிக்காரங்கம்பாங்க." கடைசியில் அறுபத்து நான்கு வயது யாயுக்கம்மா தீர்ப்பு சொன்னார்: செங்கல் நிறம். சாதாரணச் செங்கல் இல்லை. "மழைல நனைஞ்ச செங்கல்."

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் துணிச் சந்தை. எட்டு மாடி. மின்படிகள் வெறும் படிகளாக நின்றுபோய் எத்தனை காலமோ. கடைக்காரர் துணியை விரித்தால் யாயுக்கம்மா விரலால் தேய்த்துப் பார்ப்பார். "டியூப்லைட் வெளிச்சத்துல எல்லாமே செங்கல்தான். வெயில்ல பாத்தாத்தான் சாயம் தெரியும். வெனிங், நீதான சின்னவ? ஓடு." உள்ளங்கை அகலத் துணித்துண்டோடு ஆறு மாடி இறங்கித் தெருவுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்து, ஆறு மாடி ஏறி வந்து சொல்வேன்: "செங்கல் இல்லம்மா, பூசணி." அடுத்த கடை. அடுத்த துண்டு. "இப்ப?" "கருவாடு." ஒரே காலையில் ஒன்பது முறை ஏறி இறங்கியிருக்கிறேன். வார நாட்களிலும் விடுதலை இல்லை. "நீ இறங்குறதுக்கு ரெண்டு ஸ்டேஷன் முன்னால ஒரு கடை இருக்காம், பாத்துட்டு அப்படியே நடந்து வந்துடு" என்று குழுவில் செய்தி வரும். நானும் ஒரு முட்டாள், போவேன். கைப்பையில் புத்தகம் இருந்த இடத்தில் இப்போது பதினேழு துணித்துண்டுகள் இருக்கின்றன.

இன்றோடு பதினொரு வாரம். ஒருத்தியும் குனியவில்லை, ஒருத்தியும் நிமிரவில்லை. இன்றுதான் ஒரு துணி எல்லோருக்கும் பிடித்தது. தையல்காரம்மா மாதிரிக்கு ஒரு சட்டை தைத்துக் காட்டப்போகிறார். அதற்கே கைதட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். சைக்கிள் வகுப்பில் மனசு, யோகாவில் மூச்சு, இங்கே நிறம், எங்கேயும் உடம்பைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. இதற்குப் பெயர் உடற்பயிற்சி வகுப்பு. நேற்று பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன், திங்களன்று முடிவு வரும். நூற்றுப் பதினெட்டுக்குக் குறைய ஒரு நியாயமும் இல்லை. மாத்திரைப் பெட்டியை எந்த நிறத்தில் வாங்குவது என்று குழுவில் கேட்டால் அதற்கும் இரண்டு வாரம் ஆகும். நான் விலகுகிறேன் அக்கா. செவ்வாய்க்கிழமை எல்லோரும் கூடும்போது ஹார்த்தியம்மாவின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இனி நாலு பேர் இருக்கும் இடத்துக்கு என்னைப் போகச் சொல்லாதே.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். இறைவன் உங்கள் எல்லோருக்கும் நல்ல உடம்பையும், எனக்கு வாய்த்தவர்களை விட நல்ல அண்டை வீட்டாரையும் தரட்டும்.

உன் கீழ்ப்படிந்த தங்கை,
வெனிங்

பின்குறிப்பு (செவ்வாய் இரவு): கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. முடிவு வந்துவிட்டது. தொண்ணூற்றேழு. டாக்டர் இரண்டு முறை காகிதத்தைப் பார்த்துவிட்டு, "மாத்திரை வேண்டாம். என்ன வகுப்புக்குப் போறீங்க? விடாமப் போங்க" என்றார். என்ன வகுப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சந்தைப் படி ஏறப் பழகிய சில வாரங்களாக ரயில் நிலையப் படியில் எனக்கு மூச்சு வாங்குவதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

டாக்டரைப் பார்க்க இன்று விடுப்பு எடுத்திருந்தேன்; சாயந்திரம் ஹார்த்தியம்மா வீட்டில் கூடினோம். தையல்காரம்மா மாதிரிச் சட்டையோடு வந்தார். அழகான சட்டை. நனைந்த செங்கலேதான். இந்தச் சனிக்கிழமையே பயிற்சியாளர் வருகிறாராம், திடலில் பாய் விரித்து அரை மணி நேரம் உட்கார்ந்தபடியே கை கால்களை மெல்ல அசைக்க வேண்டுமாம், பிறகு வறுத்த வாழைப்பழமாம். விலகுவதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குப் பதில் சட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மாலை வெயிலில் தூக்கிப் பிடித்து, "பூசணி மாதிரி இருக்கே" என்றேன்.

யாயுக்கம்மா வெளியே வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நானும் அதையேதான் நெனச்சேன். சொல்ல ஒரு ஆளு வேணும்ல" என்றார்.

பயிற்சியாளரை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை ஆறு மணிக்குச் சந்தைக்குக் கிளம்புகிறோம்.