உப்பு கண்டக்டரின் ரோஷம்

காபியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, "சர்க்கரை ஜாஸ்தி" என்று குறை சொன்ன ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் உப்பு கண்டக்டர்தான்.

அறுபதுகளில் கடலூர்–சிதம்பரம் ரூட்டில் ஓடிய தனியார் பஸ் ஒன்றில் அவர் கண்டக்டர். நான் அண்ணாமலை நகரில் குமாஸ்தா. இருவருக்கும் ஒரே லாட்ஜ், ஒரே மெஸ். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

சட்டைப் பையில் எப்போதும் கல் உப்புப் பொட்டலம் இருக்கும். டிக்கெட் கிழிக்கிற விரலாலேயே ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். "டிக்கெட்டு ஏன்யா ஈரமா இருக்குது?" என்று யாராவது கேட்டால், "கடக் காத்து மாமா" என்பார். உப்பனாற்றுப் பாலம் வந்தால் பெயரைக் கேட்டே அவருக்கு எச்சில் ஊறும். மெஸ்ஸில் இலை ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்தால், "என்னா மச்சான், எறும்புக்கா?" என்று கையை நீட்டுவார். ஊறுகாய் ஜாடியின் அடித்தண்ணீரை டம்ளரில் ஊற்றி அவர் குடித்த அன்று எங்கள் சமையல்காரர் அழுதேவிட்டார்.

பஸ்ஸில் சண்டை முற்றி, "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்று எவராவது கேட்டால் அவருக்கு ஒரே சந்தோஷம். "ஒங்களவிட ஜாஸ்தி!" என்று பொட்டலத்தைப் பிரித்துக் காட்டுவார்.

ஒரு வருஷம் ஆள் இளைத்தார், கறுத்தார். உள்ளங்கை ரேகைகூடக் கறுத்தது. டிக்கெட் பென்சில் மை என்று நினைத்தோம். எழுந்து நின்றால் தலை சுற்றி, ஓடும் பஸ்ஸில் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டார். "இன்னொரு தரம் உக்காந்தா, வூட்டுலயே உக்காந்துக்க" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

லாட்ஜில் நாங்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் வைத்தியர்கள். மருத்துவம் படித்தவர்தான் ஒருவரும் இல்லை. உப்புத்தான் ரத்தத்தைச் சுண்ட வைக்கிறது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். சுதந்திரத்துக்காக உப்பு அள்ள நடந்த தேசத்தில், நாங்கள் உப்பைப் பிடுங்க மாடிப்படி ஏறினோம். பொட்டலம் பறிபோனது. மெஸ்ஸில் அவருக்கு மட்டும் உப்பில்லாத குழம்பு வந்தது.

"ஒரு கல்லு குடு மச்சான்... ஒரே ஒரு கல்லு."

"ஒங்க வேலையக் காப்பாத்தத்தான் மச்சான் இவ்வளவும்" என்றேன், பெருந்தன்மையாக.

மூன்றாம் நாள், உப்பனாற்றுப் பாலத்தின்மேல், பஸ்ஸிலேயே சுருண்டு விழுந்தார். கடலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்து ஓடினேன். டாக்டர் ஜோசியர் மாதிரி அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவருக்கு உப்ப நிறுத்துனது யாரு?"

"நான்தான் சார்" என்று ஓரடி முன்னால் வந்தேன். பாராட்டப்போகிறார் என்று நினைப்பு.

"ஆளையே கொல்லப் பாத்துட்டியேய்யா!"

கிட்னிக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது படுத்துவிட்டால் உடம்பில் உப்புத் தங்காதாம். அவர் நாக்கு அத்தனை நாளும் உயிரைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் ஏற்றி, மாத்திரை கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு முதலாளியும் வேலையைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் லாட்ஜுக்குத் திரும்பியதும் நான் மெஸ்ஸுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எந்த முகத்தோடு அவர் எதிரில் உட்காருவது? அறையிலேயே பன் தின்று காலம் தள்ளினேன். நான்காம் நாள் அவரே இலையில் சாம்பார் சாதம் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், மாடி ஏறிய மூச்சு இரைக்க.

"என்னா மச்சான், சாப்புட வரமாட்டேங்கிறியாமே? ஒன்னவிட உப்பு ஜாஸ்தி திங்கிறவன் நானு. எனக்கே ரோஷம் வரல, ஒனக்கு என்னாடா வந்துச்சு?"

சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, முதல் சிட்டிகையை என் இலையில் வைத்தார். அவ்வளவு உப்புத் தின்றும் துளி ரோஷம் ஒட்டாத அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.