கல்லறைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ்

சிரிப்பு வரும், உறுதி. ஆனால் உடனே தரமாட்டேன். முதலில் கொஞ்சம் நடுங்குங்கள்.

எங்கள் அப்பா வெண்டல், ஆல்டர் கிரீக் ஊருக்கு மேயர். கடைவீதியை 'மேம்பாட்டு வட்டாரம்' ஆக்கி, எல்லாக் கடைக்கும் ஒரே சாம்பல் நிறப் பலகை மாட்டவேண்டும் என்பது அவர் கனவு. அப்படியானால் அம்மாவின் ரொட்டிக்கடை வாசல் பலகையில் நிற்கும் சிவப்புச் சேவல் இறங்கவேண்டும். அம்மா தன் கையால் வரைந்த சேவல்.

சட்டம் என்ன சொல்கிறது? பொது இடத்தில் நோட்டீஸ் ஒட்டு, கூட்டம் போடு, எதிர்ப்பைக் கேள். அப்பா ஒட்டினார். வீதிக்கோடியில், பழைய கல்லறைத் தோட்டத்தின் உள்சுவரில். பொது இடம்தான். கடைசியில் எல்லோரும் போகிற இடம்தானே!

கூட்டத்தன்று காலை, பூ வைக்கப் போன அம்மா லொரெட்டா அதைப் பார்த்துவிட்டார். ஊரைக் கூட்ட நேரமில்லை. எழுந்து எதிர்க்கவும் வழியில்லை. அவர்தான் நகரசபை எழுத்தர். நடப்பதை எழுதலாம், தன் கருத்தைச் சொல்லக்கூடாது. அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. ஒரு தட்டு இலவங்கப்பட்டை ரொட்டி மட்டும் சுட்டார்.

பிற்பகலே இருட்டிவிட்டது. நகரசபைக் கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம். நாற்காலிகள் அத்தனையும் காலி. அப்பாவுக்கு ஆனந்தம்.

"எதிர்ப்பு ஏதாவது உண்டா? இல்லையே? அப்போ..." தீர்மானம் தட்டும் சுத்தியலை ஓங்கினார்.

"இருக்கு."

கரகரத்த கிழட்டுக் குரல். தரைக்கு அடியிலிருந்து.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. "லொரெட்டா... யாரோ..."

"கேட்டுதுங்க." அம்மா பேனாவைத் திறந்தார். "பேரும் விலாசமும் சொல்லுங்கய்யா, பதிவு பண்ணணும்."

"ஹைரம் பெக். லாடம் அடிக்கிறவன். மூணாவது வரிசை, மேப்பிள் மரத்தடி."

"அந்தாளு எங்க தாத்தா காலத்துலயே செத்துட்டாருடி!"

"நோட்டீஸ் பாத்துட்டு வந்திருக்காருங்க. அவங்க இடத்துலதானே ஒட்டினீங்க? அடுத்து யாரு?"

கீச்சுக்குரல் ஒன்று. "அகஸ்டா ஷ்மிட், தொப்பிக்கடை. அவருக்குப் பக்கத்துலதான். ஒரே நெரிசல், ஈரம் வேற. அந்தச் சேவலாலதான் எங்களுக்குப் பொழுதே விடியுது. அதை நீ இறக்கினா, நாங்க ஏறி வருவோம்!"

அவளுக்குப் பின்னால் விதவிதமான இருமல்கள் கேட்டன.

அப்பாவின் முகம் மைதாவாய் வெளுத்தது. "எதிர்ப்பு ஏற்கப்பட்டது! திட்டம் கைவிடப்பட்டது!" சுத்தியல் இறங்கியது. அம்மா எழுதினார், கையெழுத்து வாங்கினார், பதிவேட்டை மூடினார்.

"நன்றி மேயரே" என்றார் ஹைரம் பெக், வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே.

அப்பா மூக்கை உறிஞ்சினார். இலவங்கப்பட்டை வாசனை. மெல்ல மண்டியிட்டு, வெப்பக்காற்று வரும் தரைக் கம்பிவலையில் கண்ணை வைத்தார். கீழே, நிலவறையில், தட்டும் கையுமாக நான்.

"பேரு? விலாசம்?" என்றார், பல்லைக் கடித்தபடி.

"மில்லிசென்ட்ப்பா. உங்க வீடுதான், மாடி ரூம்."