அலமாரிக்கு வெளியே என் குரல்

அன்பும் பொறுமையும் நிறைந்த அக்காவுக்கு, தலையைக் குனிந்தபடி தம்பி எழுதுவது. இங்கே நானும் என் மகளும் நலம், பேச்சுவார்த்தைதான் இல்லை. அங்கே நீயும் அத்தானும் மருமகனும் நலமா? போனில் இனி வாயைத் திறக்கவே பயம், அதனால் இந்தக் கடிதம்.

என் மகளும் அவள் கூட்டாளிகளும் கைக்காசைப் போட்டு ஒரு ராக் ஆல்பம் பண்ணினார்கள் அல்லவா? ஸ்டுடியோவுக்கு வசதியில்லை. டிரம்ஸ் மாடிப்படிக்கு அடியில். இவள் மைக்கோடு துணி அலமாரிக்குள், கம்பளிகளுக்கு நடுவே. வெளிச்சத்தம் வராதாம். அன்றைக்குப் பார்த்து நீ போன் செய்து, மருமகனுக்கு மறுபடியும் வேலை போய்விட்டதென்று அழுதாய். அழுகிறவளிடம் என் பெண் பிரமாதமாகப் பாடுகிறாள் என்றா சொல்வேன்? உன் மனம் ஆறட்டுமென்று அலமாரியில் சாய்ந்துகொண்டே, "உன் பையனாவது பரவாயில்லக்கா, வேலைக்குன்னு போனான். இங்க ஒருத்தி ஊளையிட்டுக்கிட்டு இருக்கா. கழுதை கெட்டா குட்டிச்சுவரு, இவ கெட்டா துணி அலமாரி" என்றேன். நீ சிரித்துவிட்டாய். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கதவு சரியாகச் சாத்தவில்லை அக்கா. சோகப் பாட்டின் நடுவே கிடார் அடங்கும் இடத்தில் தெளிவாக என் பேச்சு. அதுபோல மறுபடி பாட வரவில்லையென்று அப்படியே வெளியிட்டுவிட்டார்கள். பத்திரிகை விமர்சகர், "பாடல்கள் சுமார். ஈவிரக்கமற்ற அப்பாவாக நடித்தவர் அபாரம். அவர் பேசியபின் நடுங்கும் அந்தப் பெண்குரலும் நல்ல நடிப்பு" என்று எழுதியிருக்கிறார். யாருமே நடிக்கவில்லை அக்கா. தண்ணீர் வரி கட்ட வந்த ஒருவர் நான் வேலை பார்க்கும் கவுன்டரில் என் குரலைக் கேட்டுவிட்டு, "சார், அந்த ஊளை நீங்கதானே?" என்று கை குலுக்கினார். கூசிப்போனேன். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்ன?" என்கிறாள் மனைவி.

மகள் அந்தப் பாட்டைப் பழகும்போதெல்லாம் குளியலறைக் குழாயை மூடிவிட்டுக் கேட்டவன் நான். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நேற்று அவள் உள்ளே இருக்கிறாளென்று நினைத்து அலமாரிக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். திறந்து பார்த்தால் என் சட்டைகள்தான் தொங்கின.

இனி யார் மனதையும் ஆற்றுவதற்காகப் பெற்ற பிள்ளையைத் தாழ்த்திப் பேச மாட்டேன். இது சத்தியம்.

அத்தானுக்கு வணக்கம். மருமகனுக்குச் சீக்கிரமே நல்ல வேலை அமைய என் ஆசிகள்.

வெட்கத்துடன்,
உன் தம்பி

பின்குறிப்பு: நான் சட்டைகளிடம் மன்னிப்புக் கேட்டதை மகள் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். இன்று பேசிவிட்டாள்! அடுத்த ஆல்பத்திலும் நான் திட்ட வேண்டுமாம். மைக் முன்னால் உட்கார்ந்தால் "நல்லா பாடுறேம்மா" என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. "இது வேலைக்கு ஆகாதுப்பா" என்கிறாள். ஆகவே ஞாயிறு காலை தவறாமல் போன் செய்து, மருமகனை நினைத்துக் கொஞ்சம் அழு. அவனுக்கு வேலை கிடைத்திருந்தால் அதைத் திங்கட்கிழமை சொல்.