காணாமல் போன 'கோர'

ஏழாம் பக்கத்தின் நான்காவது வரியைப் படித்ததும் காற்புள்ளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கால்வாய் நடைபாலம் சீரமைக்கப்பட்டுள்ளது."

இன்னொரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார். வரி மாறவில்லை.

அது எம்.பி. மேடத்தின் மூன்று மாதப் பணி அறிக்கை. தலைநகரில் அவர் அவையில் என்ன பேசினார், எத்தனை கேள்வி கேட்டார், ஊருக்கு வந்தபோது எங்கெல்லாம் போனார் என்று பதினாறு பக்கம். எழுதியது அவருடைய உதவியாளரான காற்புள்ளி. மெய்ப்புப் பார்த்ததும் அவரே. ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூடக் கடிதத்தைத் திருப்பி அனுப்புவதால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

அப்பேர்ப்பட்டவர் அந்த வரியை "சீரமைக்கக் கோரப்பட்டுள்ளது" என்று எழுத நினைத்திருந்தார். நடுவில் இருந்த 'கோர' எப்படியோ விழுந்துவிட்டது. எட்டாயிரம் பிரதிகள் அன்று காலைச் செய்தித்தாளோடு சேர்ந்து எட்டாயிரம் வீடுகளுக்குப் போயும்விட்டன.

அந்தப் பாலத்தில் மூன்று பலகைகள் இல்லை. மூன்று வருடமாக இல்லை. மேடம் அவையில் நான்கு முறை அதைப் பற்றிப் பேசினார், அமைச்சருக்குப் பத்தொன்பது கடிதம் எழுதினார். பத்தொன்பதுக்கும் ஒரே பதில்தான்: "பரிசீலனையில் உள்ளது."

தொலைபேசி அடித்தது.

"எம்.பி. ஆபீஸா? நான் கால்வாய்க் கரையில குடியிருக்கிற ரிட்டயர்டு தபால்காரன். பாலத்தைச் சரி பண்ணிட்டாங்களாமே?"

"ஆமா... அதாவது..."

"இப்ப அந்தப் பாலத்து மேலதான் நிக்கறேன். ஓட்டை வழியா தண்ணி நல்லாத் தெரியுது. ஒரு வாத்து போகுது."

காற்புள்ளி சமாளித்தார். "கொஞ்சம் வேலை பாக்கிங்க ஐயா. இன்னைக்கு முடிஞ்சிடும்."

"இன்னைக்கேவா? அடடே! தெருவுல எல்லாருக்கும் சொல்லிடறேன்."

"ஐயா, வேண்டாம், யார்கிட்டயும்..."

தபால்காரர் வைத்துவிட்டார். நாற்பது வருடம் வீடு வீடாகச் செய்தி கொண்டுபோன கால்கள் அவை. ஊரே பாலத்தைப் பார்க்கக் கிளம்புவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். காற்புள்ளி எதிர்ச்சாரியில் இருந்த பாலங்கள் பிரிவுப் பொறியாளரின் அலுவலகத்துக்கு ஓடினார்.

பொறியாளர் மேஜையில் அதே ஏழாம் பக்கம் திறந்து கிடந்தது.

"யார் சார் சரி பண்ணினது?" என்றார். "நான் பண்ணலை. என்னைக் கேட்காம வேற யாராவது பண்ணியிருந்தா எனக்கு விசாரணை வரும். யாருமே பண்ணலைன்னா, ஏன் பண்ணலைன்னு அதுக்கும் எனக்குத்தான் விசாரணை வரும்."

"அச்சுப் பிழை சார். ஒரே ஒரு சொல் விட்டுப்போச்சு. நாளைக்குத் திருத்தம் போட்டுடறேன். அதுவரைக்கும் யாரும் பாலத்துப் பக்கம் போகாத மாதிரி ஒரு போர்டு வைங்க."

பொறியாளருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அரைமணி நேரத்தில் பாலத்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, "வழி இல்லை" என்று பலகை மாட்டினார்கள். பாலத்துக்கு அக்கரையில் மருத்துவமனை, இக்கரையில் வீடுகள். மூன்று வருடமாக ஓட்டையைத் தாண்டிக் குதித்துப் போய்வந்து கொண்டிருந்த ஜனம் அத்தனையும் கயிற்றின் முன்னால் வந்து நின்றது.

கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அறிக்கையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். காற்புள்ளியைப் பார்த்ததும் அதை நீட்டினாள்.

"உடைஞ்சு கிடந்தப்ப திறந்து வெச்சிருந்தீங்க. சரி பண்ணினதும் மூடிட்டீங்களா?"

"அப்படி இல்லம்மா..."

"டாக்டர் பன்னெண்டு மணிக்குப் போயிடுவாரு. பிள்ளைக்கு ஊசி போடணும். சுத்திப் போனா முக்கால் மணி நேரம்."

குழந்தை காற்புள்ளியின் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடித்து இழுத்தது. விட்டுவிட்டார். தன் இருசக்கர வண்டியில் அவளையும் குழந்தையையும் ஏற்றிச் சுற்றுவழியாகக் கொண்டுபோய் இறக்கினார். திரும்பி வருவதற்குள் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. "எம்.பி. ஆபீஸ் ஆள் வண்டியில கூட்டிட்டுப் போறாராம்" என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவர் தபால்காரர்.

அப்போது கைபேசி அடித்தது. மேடம். ரயிலிலிருந்து.

"அறிக்கை எல்லார் வீட்டுக்கும் போயிடுச்சா?"

"போயிடுச்சு மேடம்." சொல்லிவிட வேண்டும். இப்போதே. "மேடம், அந்தப் பாலம்..."

"அதைத்தான் சொல்ல வந்தேன். பத்திரிகைக்காரர் ஒருத்தர் கூட வர்றார். நாலு மணிக்கு அந்தப் பாலத்துல நடந்து காட்டலாம்னு இருக்கேன். பாலம் எப்படி இருக்கு?"

காற்புள்ளியின் வாய், அவரைக் கேட்காமல், "ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றது.

அழைப்பு முடிந்ததும் மனைவிக்குப் போன் செய்தார். இருபத்திரண்டு வருட உத்தியோகம் ஒற்றைச் சொல்லில் போகப் போகிறது என்று மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார்.

மனைவி பொறுமையாகக் கேட்டாள். "ராஜினாமாவை எழுதிடுங்க. அதையாவது ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிச்சுப் பாருங்க."

பொறியாளரிடம் மறுபடி ஓடினார். "சார், நாலு மணிக்கு மேடம் வர்றாங்க. கூடவே பத்திரிகைக்காரரும்."

பொறியாளர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "பலகை கிடங்குலதான் சார் இருக்கு. மூணு வருஷமா இருக்கு. பெரியவர் ஒரு கையெழுத்து போடணும், அவ்வளவுதான்."

"எந்தப் பெரியவர்?"

"மாவட்டத் தலைமைப் பொறியாளர். ஃபைலை நீட்டினாலே, பார்க்கலாம் பார்க்கலாம்னு ஓரமா வெச்சுடுவாரு."

அவர் வாயை மூடுவதற்குள் மேஜைத் தொலைபேசி அலறியது. பெரியவரேதான். குரல் காற்புள்ளி நின்ற இடம் வரை கேட்டது.

"ஏழாம் பக்கம் பார்த்தியாய்யா? நான் கையெழுத்தே போடாம பாலம் எப்படிய்யா முடிஞ்சுது? மேலிடத்துல கேட்டா நான் என்ன சொல்றது? ஃபைலை எடுத்துக்கிட்டு ஓடி வா! போன மாசத் தேதி போட்டு... வேண்டாம், அது வேற வம்பு, இன்னைக்குத் தேதியே போடறேன்!"

மூன்று வருடம் தூங்கிய கோப்பு பதினோரு நிமிடத்தில் கையெழுத்தாகி வெளியே வந்தது. ஒரு மணிக்குப் பலகைகள் வந்தன. இரண்டு மணிக்குத் துளை போடும் இயந்திரம் வந்தது, அதற்கு மின்சாரம் வரவில்லை. தபால்காரர் தன் வீட்டு ஜன்னல் வழியாக நீளக் கம்பி இழுத்துக் கொடுத்தார். கொடுத்ததோடு நில்லாமல், எந்த ஆணி கோணல் என்று சொல்லிக்கொண்டே கூட நின்றார். மூன்றரைக்குப் பெரியவர் நேரில் வந்து, "பளிச்சுன்னு இருக்கணும்யா" என்று கைப்பிடி முழுக்கப் பச்சை வர்ணம் அடிக்கச் சொன்னார்.

"காயாதே சார்!" என்றார் காற்புள்ளி.

"காயும், காயும்."

காயவில்லை. நான்கு மணிக்கு மேடம் காரிலிருந்து இறங்கி, பத்திரிகைக்காரர் படம் எடுக்க, பாலத்தில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்தார். எடுத்தபோது உள்ளங்கை பச்சையாக இருந்தது. காற்புள்ளி கண்ணை மூடிக்கொண்டார். சட்டைப் பைக்குள் ராஜினாமாக் கடிதம் வியர்வையில் நனைந்து கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தபோது மேடம் அக்கரை சேர்ந்திருந்தார். பாலம் முடியட்டும் என்று அக்கரையிலேயே காத்திருந்த அந்தக் காலைப் பெண் ஊசி போட்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குதிக்காமல், அவசரப்படாமல், எதிர்ப்பக்கமிருந்து நடந்து வந்தாள். மேடம் பச்சைக் கையைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு ஒதுங்கி வழிவிட்டார். தபால்காரர் கைதட்டினார். பெரியவர், தானே பலகையைச் சுமந்து வந்தவர் போலக் கும்பிட்டார்.

மேடம் திரும்பி வரும்போது காற்புள்ளியைப் பார்த்து, "வேலை சுத்தமா முடிஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான். காரில் ஏறிவிட்டார்.

காற்புள்ளிக்கு அது போதவில்லை. தண்டனை கிடைக்காத தப்பு முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கூட்டத்தின் ஓரத்தில், மேடத்தின் காருக்குப் பக்கத்திலிருந்து ஒரு காகிதத்தை மடித்துக்கொண்டே வந்தவர் அறிக்கையை அச்சடித்த அச்சகத்துக்காரர். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? 'சீரமைக்கக் கோரப்பட்டுள்ளது'ன்னு இருக்க வேண்டியது. என் கண்ணு தப்பு பண்ணிடுச்சு. 'கோர'வை விட்டுட்டேன். இன்னைக்கு ஊரே ஆடிப்போனதுக்கு நான்தான் காரணம்."

அச்சகத்துக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்க எங்க சார் விட்டீங்க? உங்க மெய்ப்புல 'கோர' இருந்துச்சு, மிஷின் ஓடறதுக்கு முன்னாடி மேடம்தான் தலைநகர்லேர்ந்து போன் பண்ணி எடுக்கச் சொன்னாங்க. இப்பக்கூடப் பாருங்க, அடுத்த அறிக்கைக்கு இன்னும் ஏழு 'கோர'வை எடுக்கணும்னு லிஸ்ட் குடுத்துட்டுப் போறாங்க!"