இந்த ஊரா, அந்த ஊரா?

மனிதர்களில் ஒப்பிடுவோர் என்றொரு இனம் உண்டு. முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்று மட்டும் அவர்களைச் சொல்லிவிடாதீர்கள், மனம் நொந்துபோவார்கள். நீங்களும் நானும் ஒரு காரியத்துக்கு ஒரு முடிவை எடுத்துவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறோம். அவர்களோ அதே காரியத்துக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஓயாமல் முடிவெடுக்கிறார்கள். உழைப்பாளிகள் என்றால் அவர்கள்தான். (இதை நீல மையில் எழுதுவதா, கறுப்பு மையில் எழுதுவதா என்று நான் ஒரு வாரம் யோசித்தேன். அது வேறு விஷயம்.)

நம்முடைய ஆள் கண் பரிசோதகர். கடைவீதியில் சின்னதாக ஒரு கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் நாள் முழுக்க அவர் வேலை. சிலர் விழித்து விழித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் சார் இருக்கு" என்பார்கள். அந்தப் பதில் அவருக்கு ஆகவே ஆகாது.

"அதெப்படிங்க ஒண்ணா இருக்கும்? நல்லாப் பாருங்க. ஏதோ ஒண்ணு கொஞ்சம் மேலாத்தான் இருக்கும்."

இப்படிப்பட்டவரிடம் ஒரே விரிகுடாவின் இரு கரையிலும் எதிரெதிராக இருக்கும் இரண்டு ஊர்களைக் காட்டி, குடும்பத்தோடு விடுமுறைக்குத் தங்க ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்ன ஆகும்?

இரண்டுக்கும் நடுவில் ஒரு கலங்கரை விளக்கம். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். இரண்டு ஊருக்கும் நல்ல பெயர்கள் இருந்தன. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் வீட்டில் யாரும் அவற்றைச் சொல்வதில்லை. சாப்பாட்டு மேசையில் நிரந்தரமாக விரித்துக் கிடந்த வரைபடத்தில், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது ‘இந்த ஊர்'; தள்ளி இருந்தது ‘அந்த ஊர்'. இந்த ஊரில் மணல் மெத்தென்று இருக்கும், ஆனால் அந்த ஊரில் மர நிழல் உண்டு, நிழல் இருந்தால் பூச்சி இருக்கும், பூச்சி இருந்தாலும் அந்த ஊரில் அலை சாது, அலை சாதுவாக இருந்தால் பிள்ளைகளுக்கு அலுக்கும், அலுத்தாலும் பரவாயில்லை, அந்த ஊர் விடுதியில் சன்னலைத் திறந்தால் கடல், ஆனால் சன்னலைத் திறந்தால் உப்புக்காற்றில் தலைமுடி பிசுபிசுக்குமே! அவருக்கு முடி இருந்ததா என்று கேட்காதீர்கள். குடும்பத்தின் பொதுநலனைச் சொன்னார்.

மாடியில் இருந்த பல் மருத்துவரைக் கேட்டார். மச்சானைக் கேட்டார். கடைக்கு வந்தவர்களையும் விடவில்லை. "கடைசி வரி தெரியுதா? சரி, கடலோரம் போனா நீங்க மணலைப் பாப்பீங்களா, நிழலைப் பாப்பீங்களா?" பாவம், கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு எதையுமே பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்ட கேள்வி இது.

போன விடுமுறையில் இவர் ஒரு முடிவுக்கு வருவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அதற்கு முந்தைய விடுமுறையில் முடிவுக்கு வந்துவிட்டார், அறைதான் காலியில்லை. மகள்கள் இருவரும் மொட்டை மாடியில் வாளித் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த முறை மனைவி நேரே வந்து அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். குரலை உயர்த்தியே பழக்கமில்லாதவர்.

"இங்க பாருங்க. பெரியவ படிப்புக்கு வெளியூர் போகப்போறா. அடுத்த வருஷம் அவ லீவும் நம்ம லீவும் ஒத்து வருமோ என்னவோ. நாலு பேரும் சேந்து கடலைப் பாக்கறதுன்னா இப்பதான். இப்பவே சொல்லுங்க, ரூம் போட்டுடறேன்."

பெரியவள் போகப்போகிறாள் என்பது தெரியாதா என்ன? தெரியும். அதனால்தான் இந்தத் தடவை மிகச் சரியான ஊராக இருக்க வேண்டும் என்று தவித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டாமல், "அந்த ஊரே இருக்கட்டும்மா. போட்டுடு" என்றார்.

எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி வரைபடத்தைப் பார்த்தார். தன் பக்கம் இருந்த ஊரை விட்டுவிட்டு, தனக்குத் தள்ளி இருந்த ஊரில் அறை போட்டார்.

காரை மனைவிதான் ஓட்டினார். முடிவெடுத்த களைப்பில் அவர் வழியெல்லாம் குறட்டை விட்டார். விடுதியின் பால்கனியில் நின்று கண்ணைத் திறந்தவருக்குப் பெருமை தாங்கவில்லை. இடப்பக்கம் இருக்க வேண்டிய கலங்கரை விளக்கம் வலப்பக்கம் இருந்தது. பூரிப்பில் இருப்பவருக்கு இடமேது, வலமேது?

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல! அந்தக் கரைக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? மணலைப் பாரு, அலையைப் பாரு!"

பாரு பாரு என்றாரே ஒழிய, அவரே பார்த்தது அப்போதுதான். பெரியவள் அலைக்குப் பயந்து கத்தினாள், சின்னவள் அவளைத் தள்ளிவிட்டாள், மனைவி சேலையை மடித்துச் செருகிக்கொண்டு ஓடினார். இவரும் முழங்கால்வரை நனைந்து சிரித்தார். எதிர்க்கரையில் தங்கியிருந்தவர்களுக்காக அவ்வப்போது பரிதாபப்பட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் முகம் துடைக்கும்போது துண்டின் ஓரத்தில் பொடி எழுத்து தெரிந்தது. விடுதியின் பெயர், கீழே ஊரின் பெயர். அத்தனை நாளும் அதில்தான் முகம் துடைத்திருக்கிறார். ஊரார் கடைசி வரியைப் படிக்கிறார்களா என்று பார்ப்பதே தொழிலானவர் அதை இப்போதுதான் படித்தார்.

"ஏம்மா! நாம எந்த ஊர்ல இருக்கோம்?"

"இந்த ஊர்லதான்" என்றார் மனைவி. அதில் பிழை எதுவும் இல்லை.

பெரியவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வர்ற வழியில போர்டு பாத்ததுமே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுப்பா. அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க. சொல்லியிருந்தா நீங்க அந்தப் பக்கமே பாத்துட்டு உக்காந்திருப்பீங்க."

"பிழை திருத்தறது என் தொழில். இது ஒண்ணைத் திருத்த மனசு வரலை" என்றார் மனைவி.

அவர் பால்கனிக்குப் போனார். எதிர்க்கரையில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அந்த ஊர்! அவர் கேட்ட ஊர்! அங்கே மணல் இன்னும் கொஞ்சம் மெத்தென்று, விளக்குகூட இன்னும் கொஞ்சம் பளிச்சென்று... "நான் ஒரு மடையன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எதற்காக மடையன் என்று அவருக்கே சரியாகப் பிடிபடவில்லை.

பெரியவள் வந்து ஈரத்தலையை அவர் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவரைப் போலவே குரலை மாற்றிக் கேட்டாள்: "சொல்லுங்க சார், இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?"

அவர் எதிர்க்கரையைப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்து விளக்குகளெல்லாம் கலங்கித் தெரிந்தன. தோளில் கிடந்த தலையைப் பார்த்தார். அதுவும் கலங்கித்தான் தெரிந்தது.

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்மா" என்றார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்படியும் ஒரு மனிதரா என்று தோன்றுகிறதா? அதுவும் நல்லது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த கட்டுரை இதைவிட நன்றாக இருக்குமோ என்று அந்தப் பக்கத்தில் ஒரு விரலைச் செருகி வைத்திருக்கிறீர்களே, அது எதற்கு?