இரண்டு பச்சை அகராதிகள்

அரபித் தேர்வு அறையில் பையிலிருந்து அகராதியை எடுத்து மேசைமேல் வைத்ததும்தான் டிஹமேர் அட்டையை ஒழுங்காகப் படித்தான். தூக்கி வந்தது அரபி–ஹங்கேரியன். அரபியில் கடிதம் எழுதத் தேவைப்படுவது ஹங்கேரியன்–அரபி. இரண்டுக்கும் ஒரே பச்சை அட்டை. சரியான பாகம் வீட்டில் சமையலறை மேசையில் சுகமாகப் படுத்திருந்தது.

வனவியல் படித்து முடித்துப் பதினோரு வருடம். அயல்மொழிச் சான்றிதழ் இல்லாததால் பட்டத்தைக் கல்லூரி அலமாரியிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் அதைக் காட்டாவிட்டால் வனத்துறை வேலை போய்விடும். ஆங்கிலத்தில் மூன்று முறை, ஜெர்மனில் இரண்டு முறை தோற்றாயிற்று. அரபி எழுத ஆளே வருவதில்லை, கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடுவார்கள் என்று எவனோ சொன்னதை நம்பி வந்திருந்தான், மகராசன். அறையில் மொத்தம் ஏழு பேர்.

கண்காணிப்பாளர் க்ரிஜான் அம்மையார் வந்தார். முதலில் அரபியில் நீளமாக ஏதோ வரவேற்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். டிஹமேர் மற்றவர்களைவிடப் பலமாக ஆட்டினான். பிறகு அவர் ஹங்கேரிய மொழிக்கு மாறினார்.

“கைப்பேசி கூடாது. பக்கத்து ஆளோட பேசினாலோ, புத்தகம் மாத்திக்கிட்டாலோ வெளியில அனுப்பிடுவேன். ரெண்டு மணி நேரம்.”

அதுவரை வாசலில் நின்றிருந்த கட்டட ஊழியர் பெனெடெக் மாமா துணி மூடிய தள்ளுவண்டி ஒன்றைப் பின்சுவரோரம் நிறுத்திவிட்டுப் போனார். டீயாக இருக்கும் என்று டிஹமேர் நினைத்துக்கொண்டான்.

முதல் கேள்வி, ஓடாத சலவை இயந்திரம் பற்றிக் கடைக்காரருக்கு அரபியில் ஒரு புகார்க் கடிதம். ‘சலவை’ எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று புத்தகத்தைத் தலைகீழாகத் துழாவினான். ஒரு மணி நேரத்தில் ‘சவுக்காரம்’ அகப்பட்டது. பாவம், அதை வைத்து என்ன எழுதுவது?

பக்கத்து மேசைப் பெண் போர்பாலா தலையில் கை வைத்திருந்தாள். எட்டிப் பார்த்தான். அவளிடம் ஹங்கேரியன்–அரபி! இரண்டாம் கேள்வியில் கொடுத்திருந்த அரபிச் செய்தியைப் படிக்க வழியில்லாமல் முழித்துக்கொண்டிருந்தாள்.

“மாத்திக்கலாமா?” என்றான் உதடு அசையாமல்.

“உங்களுக்குப் பைத்தியமா? அந்தம்மா பார்க்குது!”

“கழிவறைக்குப் போற வழியில ஜன்னல் திரைக்குப் பின்னாடி என் புத்தகத்தை வெச்சிடறேன். அடுத்து நீங்க போய் என்னோடதை எடுத்துக்கிட்டு உங்களோடதை வைங்க.”

“மாட்டினா என் நர்ஸ் வேலை போச்சு.”

“மாத்தலைன்னா ஃபெயில், அப்பவும் போகத்தான போகுது?”

அவள் பெருமூச்சு விட்டாள். சம்மதம்தான்.

புத்தகத்தை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி எழுந்தான். க்ரிஜான் அம்மையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

“உடம்பு சரியில்லையா?”

“காலையில சாப்பிட்ட வெண்ணெய்ப் பன்னு, மேடம்.”

வைத்துவிட்டு வந்தான். ஐந்து நிமிடம் கழித்துப் போர்பாலாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

“அங்க ஒண்ணுமே இல்லை!”

“நல்லாப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். பதட்டத்துல என்னோடதையும் வெச்சிட்டு வந்துட்டேன்.”

அவன் மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினான். திரைக்குப் பின்னால் தூசிதான் இருந்தது. இப்போது இரண்டு பேரிடமும் எதுவும் இல்லை. மிச்சம் நாற்பது நிமிடம். இடையில் ஒரு தாடிக்காரர் எழுந்து பின்பக்கம் போய்த் திரும்பினார். கால் மரத்துப்போயிருக்கும், அவருக்கென்ன கவலை! டிஹமேருக்கு அழுகையே வந்துவிட்டது. பதினோரு வருடமும் ஒரு ஜன்னல் திரைக்குப் பின்னால் போய்விட்டதே!

“உண்மையைச் சொல்லிடலாம்,” என்றாள் போர்பாலா. இருவரும் எழுந்து நின்றார்கள்.

“மேடம், நாங்க தப்பு பண்ணிட்டோம்,” என்று டிஹமேர் தொடங்குவதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. இரண்டு பச்சை அகராதிகளையும் கக்கத்தில் இடுக்கியபடி பெனெடெக் மாமா நின்றார்.

“ஜன்னல்ல கெடந்துச்சும்மா. நம்ம வண்டியிலேருந்து யாரோ எடுத்துட்டுப் போய் வெச்சிருக்காங்க.”

“எந்த வண்டி?” என்றான் டிஹமேர்.

மாமா பின்சுவருக்குப் போய்த் துணியை விலக்கினார். வண்டி நிறையப் பச்சை அட்டைகள், இரண்டு பாகமும், ஆளுக்கு ஒரு ஜோடியாக.

“என்ன தம்பி இப்படிக் கேக்கறீங்க? ‘அகராதி ரெண்டும் இப்ப வண்டியில வரும், பின்னாடி இருக்கும், வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்’னு அம்மா வந்ததுமே அரபியில சொன்னாங்களே! இருபது வருஷமாக் கேட்டுக் கேட்டு எனக்கே புரியுது, பரீட்சை எழுத வந்த உங்களுக்குப் புரியலையா?”